சின்ன அறையின் சுவர்

தம்பி,

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. லிபெர்த்தாத் தெருவில், நான் பராமரித்த சிஞ்ஞோராவின் வீட்டில், குசினிக்குப் பக்கத்துச் சின்ன அறையின் வாசலில் நிலத்தில் வைக்கப்போகிறேன். பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு தேநீர்ப் பிளாஸ்க் இருக்கும். நீ மேற்கு ஆபிரிக்காவில் ஏதோவொரு கிராமத்தில் நுளம்புக் கணக்கெடுப்பில் இருக்கிறாய் என்று உன் அம்மா நம்புகிறாள். சென்ற புதன்கிழமைவரை நானும் நம்பினேன். இப்போது, நீ பலெர்மோவுக்குத் திரும்பி வந்துவிட்டாய் என்றும், இரவில் அந்தச் சின்ன அறையில் படுக்கிறாய் என்றும் நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியும் என்று எழுதக் கை வரவில்லை. நான் எதையும் அடித்துச் சொல்லிப் பழகியவன் அல்லன். பால் திரைந்துவிட்டதா என்பதைக்கூட அம்மாவுக்கு ஒருமுறை காட்டிவிட்டுத்தான் ஊற்றுவேன். அதனால், இதை எடுப்பது நீயாக இல்லாமல் வேறு யாராகவும் இருக்கலாம் என்று யோசித்து, தாளின் பின்பக்கத்தில் இத்தாலியனில் இரண்டு வரி எழுதியிருக்கிறேன்: தேநீரைக் குடியுங்கள், திங்கட்கிழமைக்கு முன் தயவுசெய்து போய்விடுங்கள், நான் யாரையும் தேடி வரவில்லை.

திங்கட்கிழமை சிஞ்ஞோராவின் மகள் மிலானோவிலிருந்து வருகிறாள். வீட்டை வாங்க விரும்புகிறவர்களையும் கூட்டிக்கொண்டு வந்து ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டப்போகிறாள். தாய் இறந்தபின் அவள் என்னை நம்பித்தான் திறப்பைத் தந்தாள். புதன்தோறும் போய் யன்னல்களைத் திறந்து காற்று விட்டு, பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவதுதான் என் வேலை. அவள் கதவைத் திறக்கும்போது நீ உள்ளே இருந்தால் பொலிஸைக் கூப்பிடுவாள். கூப்பிடுவது பிழை என்று நான் சொல்லமாட்டேன். உன் குடியுரிமை விண்ணப்பம் இன்னும் முடியாமல் கிடக்கிறது. ஒரு முறைப்பாடு போதும், குவெஸ்தூராவில், அந்தப் பொலிஸ் தலைமையகத்தில், உன் பெயருக்குப் பக்கத்தில் அது வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் இதை மட்டும் சொல்வதற்காக நான் பேனையை எடுக்கவில்லை. அதற்குத் தொலைபேசியில் ஒரு வரி போதுமாயிருக்கும். நீ எப்படி வெளியே வரலாம் என்பதைத்தான் எழுத முயல்கிறேன்.

முதலில், எனக்கு எப்படித் தெரிந்தது என்பதை ஒழுங்காகச் சொல்கிறேன். இரண்டு புதன்கிழமைக்கு முன், பூச்சாடிக்குத் தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனபோது சின்ன அறையின் சுவரில் ஒரு நுளம்பைக் கண்டேன். சிஞ்ஞோராவைப் பராமரித்த வருடங்களில் நான் படுத்த அறை அது. நீயும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அதற்குள்தான் வீட்டுப்பாடம் செய்தாய். நுளம்பு அசையாமல் சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்தது. வீட்டு நுளம்பு, கியூலெக்ஸ், இந்த ஊரில் சாதாரணம். ஆனால் அதன் வயிறு சிவப்பாக இருந்தது. பழைய மலேரியா வேலைப் பழக்கத்தில் கைத்தொலைபேசியை எடுத்துப் பெருப்பித்துப் பார்த்தேன். தெளிவான, ஈரமான சிவப்பு. முந்தின இரவு குடித்த இரத்தம். கோடைக்கு முன்னரே ஆள் இல்லாமல் பூட்டிய வீடு அது. கதிரைகளும் அலுமாரிகளும் வெள்ளைத் துணி போர்த்திக் கிடக்கின்றன. அந்த வீட்டில் நேற்றிரவு அது யாரைக் கடித்திருக்கும்?

புறாவாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த இனம் பறவைகளையும் கடிக்கும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. மேல்மாடத்து ஓரத்தில் புறாக்கள் அடைகின்றன. பக்கத்து வீட்டிலிருந்து இடுக்கு வழியாக வந்திருக்கவும் கூடும். ஆனாலும் மற்ற அறைகளைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை. வரவேற்பறை, சிஞ்ஞோராவின் அறை, குளியலறை, திரைச்சீலைகளின் பின்புறம், கட்டில்களின் அடி எல்லாம் பார்த்தேன். எங்கும் ஒன்றுமில்லை. புறாக்கள் அடைவது வரவேற்பறைப் பக்கத்தில். அங்கே இல்லாத நுளம்பு, அதற்கு மறுபக்கத்திலுள்ள சின்ன அறையில் வந்து ஏன் இருக்கவேண்டும் என்று யோசித்துக்கொண்டே கதவைப் பூட்டினேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த புதன்கிழமை நேரே சின்ன அறைக்குப் போனேன். வெளிச்சம் போடாமல் வாசலில் நின்று கண்ணைப் பழக்கிக்கொண்டேன். இந்த முறை பல இருந்தன. சில தெளிந்த சிவப்பு. சிலவற்றில் இரத்தம் கறுத்து, வயிற்றின் பாதி வெளிறிப்போயிருந்தது. அலுமாரிக்குப் பின்னால் இரண்டு மூன்று, வயிறு முழுக்க முட்டை முற்றி வெள்ளையாக, பாரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தன. நேற்றுக் குடித்தவை, அதற்கு முந்தின நாள் குடித்தவை, அதற்கும் முந்தியவை. அந்தச் சுவரில் மூன்று இரவுகள் பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருந்தன. ஒவ்வோர் இரவும் ஒருவர் அங்கே படுத்திருக்கிறார். கட்டிலைப் பார்த்தேன். போர்வை நான் வைத்தபடியே, மூன்றாக மடித்து, விளிம்பை உள்ளே செருகி இருந்தது. அப்படியே இருந்ததுதான் என்னைப் பயப்படுத்தியது. கலைந்து கிடந்திருந்தால் கள்ளன் என்று நினைத்திருப்பேன். கள்ளன் சிஞ்ஞோராவின் பெரிய கட்டிலை விட்டுவிட்டு வேலைக்காரன் படுக்கும் கட்டிலில் ஏன் படுக்கிறான்? எழும்பிய பின் என்னைப்போல ஏன் போர்வை மடிக்கிறான்?

கதிரை ஒன்றில் இருந்துவிட்டேன். துணிக்கு மேலேயே இருந்தேன். உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாமா என்று நினைத்தேன், கூப்பிடவில்லை. நீ அந்த நேரம் வெளியே போயிருப்பாய், என் புதன்கிழமைகள் உனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வீடு மூச்சை அடக்கிக்கொண்டு நான் போவதற்காகக் காத்திருப்பது போல இருந்தது.

வீட்டுக்கு வந்து சாமித்தட்டுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். அங்கே ஆணியில் தொங்கும், சிஞ்ஞோரா வீட்டின் மற்றத் திறப்பு இல்லை. அம்மா நாளும் விளக்கு வைக்கிற இடம், அவள் கண்டுவிடக்கூடாது என்று நம்முடைய பழைய வீட்டுத் திறப்பு ஒன்றை அதே ஆணியில் மாட்டினேன். பின்னேரம் மருந்து வாங்க என்று சொல்லிக்கொண்டு திரும்ப லிபெர்த்தாவுக்குப் போனேன். சின்ன அறையின் யன்னலுக்கு நேரெதிரே, மறுபக்க நடைபாதையில் நின்று உனக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"சொல்லுங்கோ அப்பா."

"எப்பிடி இருக்கிறாய் தம்பி?"

"நல்லா இருக்கிறன். இஞ்சை சரியான மழை. வெளியிலை போக ஏலாது."

"சாப்பிட்டியோ?"

"ஓம் ஓம். சோறும் மீனும். அம்மாட்டைச் சொல்லுங்கோ, உறைப்புக் காணாது எண்டு."

அப்போது ஸ்பின்சோனே ரொட்டி விற்கிற மூன்றுசக்கர வண்டி சந்தியால் திரும்பி வந்தது. அந்த வண்டிக்காரர்களின் ஒலிபெருக்கியில் ஒரே கூவலைத்தான் வருடக்கணக்காகப் போடுகிறார்கள். நீயும் சின்ன வயதில் அதைப் பாடிக் காட்டிச் சிரிப்பாய். அந்தக் கூவல் தெருவிலிருந்து என் இடது காதில் கேட்டது. ஒரு கணம் பிந்தி, அதே கூவல், தொலைபேசிக்குள்ளிருந்து என் வலது காதில் கேட்டது. ஒன்றின் பின்னால் ஒன்றாக இரண்டும் என் தலைக்குள் நடந்து போயின. உன் கிராமத்து மழை எங்கும் கேட்கவில்லை.

"என்ன சத்தம் அப்பா?" என்றாய்.

"றோட்டிலை ஒரு வண்டி போகுது."

பிறகு மெதுவாக, "ஓம். கேக்குது," என்றாய்.

அண்ணாந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "சரி தம்பி, கவனம்," என்று வைத்துவிட்டேன். நடந்து வரும் வழியில், வியா மக்வேதா தெருவின் சனத்துக்கு நடுவில்தான், இன்னொன்று நினைவுக்கு வந்து நின்றுவிட்டேன். நீ முதல் வாரத்தில் படங்கள் அனுப்பினாய். செம்மண், தகரக் கூரை, கயிற்றில் காயும் நுளம்பு வலைகள். அந்த மண் உண்மை. நீ போனாய் என்பதை நான் சந்தேகிக்கவில்லை. பிறகு படம் நின்றது, கதை மட்டும் வந்தது. ஊர் நடுவில் புளியமரம், அதன் கீழே மாடுகள், கணக்கெடுக்கும் ஆட்களோடு கூடவே நொண்டி நடந்து வருகிற ஒரு நாய், அது கடைசி வீட்டுக்கு அப்பால் வராது என்றாய். அம்மா கேட்டுவிட்டுச் சந்தோஷப்பட்டாள்.

"பாருங்கோ, உங்கடை கதை மாதிரியே கிடக்கு," என்றாள். "நீங்கள் சைக்கிளிலை போய் நுளம்பு பிடிச்சீங்கள். அவன் பிளேனிலை போய்ப் பிடிக்கிறான். குடும்பத் தொழில்."

கதை மாதிரி அல்ல, தம்பி. அதே கதை. அந்தப் புளியமரமும் அந்த நாயும் வன்னியில், நான் மலேரியா ஒழிப்புப் பகுதியில் வேலை செய்தபோது போன ஒரு கிராமத்தில் இருந்தவை. உனக்கு நித்திரை வருவதற்காக நான்தான் அவற்றை இதே பலெர்மோவில் சொன்னேன். நீ சொல்லச் சொல்ல, நான் விட்டுவந்த ஊர் உன் வாய்க்குள்ளிருந்து எனக்குத் தொலைபேசி எடுப்பது போல இருந்தது. உன் கண் கண்டதைச் சொல்ல முடியாமல் என் ஊருக்குள் போய் ஒளிந்திருக்கிறாய் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

அந்தக் கதையில் நான் உனக்குச் சொல்லாத ஒரு பகுதி உண்டு. நாய் ஏன் கடைசி வீட்டுக்கு அப்பால் வரவில்லை என்று நீ கேட்பாய். தெரியாது, படு என்பேன். இப்போது சொல்கிறேன்.

நாங்கள் மாதம் ஒருமுறை அந்தக் கிராமத்துக்குப் போவோம். என்ன இனங்கள், எவ்வளவு என்று பார்ப்பது வேலை. மாட்டுக் குளம்படிப் பள்ளங்களில் அகப்பையால் நீர் அள்ளி, அதில் நெளியும் குடம்பிகளைப் பார்ப்போம். காலையில் வீடுகளுக்குள் போய் நிலம் முழுக்க வெள்ளைத் துணி விரித்து, கதவு யன்னல் சாத்தி மருந்து அடிப்போம். கொஞ்ச நேரத்தின் பின் திறந்தால், சுவரில் இருந்ததெல்லாம் துணியில் விழுந்து கிடக்கும். இடுக்கியால் பொறுக்கி இனம் பிரித்து வயிறு பார்ப்பது நான். மருந்து அடிப்பது தவம் அண்ணை. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், வாய் ஓயாத மனிதர். ஒருமுறை நாங்கள் போனபோது ஊரில் ஒருவரும் இல்லை. இடையில் ஷெல் விழத் தொடங்கிச் சனம் எழும்பிப் போயிருந்தது, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அடுப்புகளில் சாம்பல் ஆறிப்போயிருந்தது. மாடுகளை அவிழ்த்துவிட்டிருந்தார்கள், அவை தூரக் குளத்துப் பக்கம் போய்விட்டன. நாய் மட்டும் புளியமரத்தடியிலிருந்து எழும்பி எங்களோடு வந்தது.

"வந்தது வந்திட்டம், வேலையைச் செய்வம்," என்றார் தவம் அண்ணை.

"ஆள் இல்லாத வீட்டுக்குள்ளை எப்பிடிப் போறது?"

"நுளம்பு இருக்குதெல்லே. அதிட்டைக் கேட்டுட்டுப் போவம்."

சிரித்தார். ஆனால் ஒவ்வொரு கதவடியிலும் மருந்துப் பம்பைத் துவக்குப் போல முன்னே நீட்டிக்கொண்டு நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். கதவைத் தள்ளினால் பகல் வெளிச்சத்திலேயே நுளம்புகள் முகத்துக்கு வந்தன. பட்டினி. துணியில் விழுந்தவற்றைப் பார்த்தால் ஒன்று வயிறு ஒட்டிப்போனவை, இல்லையென்றால் முட்டை முற்றியவை. புது இரத்தம் ஒன்றிலும் இல்லை. ஒவ்வொரு வீடும் அதையே சொன்னது, ஆட்கள் போய் நாளாகிவிட்டது. அப்படியே கடைசி வீட்டுக்கு வந்தோம். நாய் வாசல் படலையடியில் படுத்துவிட்டது. முன் அறையில் துணி விரித்து மருந்து அடித்துத் திறந்தபோது, துணி முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். அனோபிலிஸ், மலேரியா பரப்பும் இனம். நேற்றிரவு குடித்தவை.

தவம் அண்ணைக்குக் காட்டினேன். "மாடாக இருக்கும்," என்றார். தொழுவம் வெறுமையாக இருந்ததை இருவரும் பார்த்திருந்தோம். அந்த அறைக்குப் பின்னால் நெல் வைக்கும் சின்ன அறை ஒன்று இருந்தது. வெளியே பூட்டு இல்லை. நான் மெதுவாகத் தள்ளினேன், திறக்கவில்லை. உள்ளே இருந்து தாழ் போட்டிருந்தது. கதவின் அந்தப் பக்கம் யாரோ என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பது போலக் கையை எடுத்தேன்.

தவம் அண்ணை என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். வெறும் சுவரைப் பார்த்து, சந்தையில் கதைப்பது போல உரத்துச் சொன்னார்: "நாங்கள் நுளம்பு பிடிக்கிற ஆக்கள். ஆரையும் தேடி வரேல்லை. பிளாஸ்க்கிலை தேத்தண்ணி இருக்கு, பாணும் கிடக்கு. நாங்கள் கிணத்தடிக்குப் போய்த் துணி தோய்க்கப் போறம். வரக் கொஞ்ச நேரம் செல்லும்."

படியில் பிளாஸ்க்கை வைத்துவிட்டுப் போனோம். வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஊத்தை இல்லாத துணியையும் திரும்பத் திரும்ப அலசினோம். நான் திரும்பிப் பார்க்கப் போனபோது, "உன்ரை கழுத்தை முறிச்சுப்போடுவன்," என்றார். திரும்பி வந்தபோது பாண் இல்லை. பிளாஸ்க் கழுவி, மூடியைப் பக்கத்தில் வைத்து, படியில் கவிழ்த்து வைத்திருந்தது. தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு வந்தோம். நாய் படலையில் படுத்தபடியே எங்களைப் பார்த்தது.

"ஆராய் இருக்கும் அண்ணை?" என்று வழியில் கேட்டேன்.

"குடிச்ச ஆளுக்குத் தெரியும்."

"கதவைத் தட்டியிருக்கலாம்."

"தட்டினா அது பதில் சொல்லவேணும்," என்றார். "பாவம், அதுக்கு என்ன பதில் கிடக்கோ."

அதற்குப் பிறகு அந்த ஊருக்கு நாங்கள் போகவில்லை. அந்த வீட்டில் இருந்தவர் வெளியே வந்தாரா என்று இன்றுவரை தெரியாது. கதையை உனக்குச் சொன்னபோதெல்லாம் இந்தப் பகுதியை விட்டுவிட்டேன், ஏனென்றால் அதில் நான் பயந்துகொண்டு நிற்கிறேன். நாயும் புளியமரமும் தவம் அண்ணையின் பகிடியுமாக, பயமில்லாத ஊர் ஒன்றைக் கட்டி உன் கையில் தந்தேன். நீ அங்கே போய் நின்றபோது உனக்குப் பயம் வந்திருந்தால், அல்லது உனக்குத் தாங்க முடியாத ஏதாவது நடந்திருந்தால், அது உன் ஒருவனுக்கு மட்டும் நடந்தது என்று நினைத்திருப்பாய். கேட்பதற்கும் நான் பழகவில்லை. ஒவ்வொரு முறையும் சாப்பிட்டியோ என்று கேட்டேன், சாப்பிட்டேன் என்றாய். கணக்கெடுப்பில் உனக்கும் இதைப் படிப்பித்திருப்பார்கள்: தேடிப் பார்த்து ஒன்றும் இல்லாத வீட்டுக்குப் பூச்சியம் போடவேண்டும், போகாத வீட்டுக்குத்தான் வெற்றிடம் விடவேண்டும், இரண்டையும் மாற்றிப் போட்டால் முழுக் கணக்கும் பொய். உனக்கு ஒரு குறையும் இல்லை என்று நான் பூச்சியம் போட்டு வைத்திருந்தேன். உண்மையில் நான் அந்த வீட்டுக்குப் போகவே இல்லை.

வேலையை விட்டுவிட்டு வந்தாயா, அனுப்பிவிட்டார்களா, யாருக்காவது ஏதாவது ஆனதா, ஒன்றும் நீ சொல்லத் தேவையில்லை. எப்போதாவது சொல்ல வந்தால் கேட்பேன். அம்மா போன ஞாயிறும் உனக்காகப் பெல்லக்ரினோ மலைக்கு வெறுங்காலோடு ஏறி, குகைக் கோயிலில் புனித ரொசாலியாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள். நீ வீட்டு வாசலில் நின்றால், மெழுகுதிரி வேலை செய்தது என்று சொல்வாள். வேறு விளக்கம் அவளுக்கு வேண்டியிருக்காது.

இன்று சனிக்கிழமை. நான் புதன் தவிர வேறு நாளில் வருவதில்லை, அதனால் நீ உள்ளே இருப்பாய் என்று நினைக்கிறேன். வெளிக்கதவை மட்டும் திறந்து வருவேன். சின்ன அறையின் கதவைத் தள்ளமாட்டேன். எனக்குத் தவம் அண்ணையின் குரல் இல்லை, ஆனால் அவர் சொன்னதைச் சத்தமாகச் சொல்லப் பார்ப்பேன். பிறகு போய் எதிரே உள்ள பூங்காவின் முதல் வாங்கில், இந்த வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருப்பேன். இருட்டுப்படுமுன் பிளாஸ்க்கை எடுக்க வருவேன். அது கழுவிக் கவிழ்த்திருந்தால் எடுத்துக்கொண்டு பேசாமல் போவேன், நாளைக்கும் கொண்டுவருவேன். நீயே அதை வாங்குக்குக் கொண்டுவந்து தந்தால் இன்னும் நல்லது. நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். பக்கத்தில் இடம் விட்டு இருப்பேன்.

அப்பா

இதைப் படியில் நின்று பென்சிலால் எழுதுகிறேன். வெளிக்கிடும்போது, சிஞ்ஞோரா வீட்டைத் துடைக்கப் போகிறேன் என்று சொல்லி அம்மாவிடம் பிளாஸ்க்கில் தேநீர் கேட்டேன். எனக்குச் சலரோகம் வந்தபின் அவள் என் தேநீரில் சீனி போடுவதில்லை. உனக்காகக் கலப்பதற்குக் கடையில் சீனிப் பொட்டலங்கள் வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். இப்போது மூடியைத் திறந்து, போடுமுன் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். இஞ்சி தட்டிப் போட்டு, நீ குடிக்கிற அளவுக்கு, இனிப்பாக இருக்கிறது. அவள் பிளாஸ்க்கைத் தரும்போது மூடி இறுக்கமா என்று மட்டும் பார்த்துத் தந்தாள்.

சீனிப் பொட்டலங்கள் பையிலேயே இருக்கின்றன.